நீல பக்கெட்டு

நவம்பர் 4. செவ்வாய்.

புஜ்ஜி,

காலையிலேர்ந்து மழை. துணி எதுவும் காயல. உன் மஞ்சள் நைட்டிய மட்டும் மடிச்சு வச்சேன். அது காஞ்சுதா இல்லயான்னே தெரியல. எறா உரிக்கிற கைக்கு எதத் தொட்டாலும் ஈரம்தான்.

செய்ய வேண்டியது:
கேஸ் சிலிண்டர் சொல்லணும்.
உன் பிஸ்கட் கம்பெனில கார்டு திருப்பிக் குடுக்கணும்.
சுவத்துல விரிசல், மாடி வூட்டுத் தண்ணி இறங்குது. ஹவுசிங் போர்டு ஆள்கிட்ட சொல்லணும்.
ஒண்ணும் செய்யல. படுத்தே இருந்தேன்.

மத்தியானம் ஒரு போன். புது நம்பர். கலைவாணியோட அக்கா தேவகிதானேன்னு ஒரு பொண்ணு குரல். கலைவாணி போய்ட்டான்னு சொன்னேன். தெரியும்க்கா, அதான் கூப்பிட்டேன்னுது. ஆஸ்பத்திரி பின்னாடி கட்டிடத்து லேபுலேர்ந்து, நிவேதாவாம். உனக்கு நல்லா தெரியும். பெரம்பூர் பொண்ணு, சின்னக் குழாயோட வந்து உன் கால்லேர்ந்து சீழ் எடுத்துகினு போச்சே. நீ கூட இத எடுத்துகினு போய் தொக்கு பண்ணுவியான்னு கேட்ட. அது சிரிச்சுட்டு, நோயாளிகிட்ட சிரிச்சது தப்போன்னு உடனே முகத்த மாத்திக்கிச்சு.

இப்ப அது சொல்றது இதுதான். உன் சீழ்ல இருந்த கிருமிய வளத்து வச்சிருக்காங்க. இன்னும் உயிரோட இருக்கு. ஆராய்ச்சிக்கு மேற்கொண்டு வச்சுக்கலாமான்னு வூட்டு ஆளுங்கள கேக்கணுமாம். வந்தா நேர்ல காட்டுறேன்னுது.

வரமாட்டேன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி கேட்ட இனி தாண்டுறதில்லன்னுதான் எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு வந்தேன். பக்கெட்டு, ஜக்கு, உன் உடம்பு தொடைக்கிற ஸ்பாஞ்சு, பாய், விசிறி. ஆஸ்பத்திரில பொழங்கினத வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, போறவங்க வர்றவங்களுக்கு விட்டுட்டுப் போறாங்க. உன்ன ஐசியூவுக்குத் தள்ளிகினு போன அன்னிக்கே பன்னெண்டாம் பெட்டு வேற ஆளுக்குப் போயிடுச்சு. நீ போனப்புறம் சாமான எடுக்கப் போனா அங்க ஒரு நெட்டுக்குப்பத்து அம்மா, கன்னியம்மா. மருமவ மல்லிகாவ சேத்திருந்தாங்க. முகத்துவாரத்துல தண்ணிக்குள்ள கையால எறா தடவிப் புடிக்கப் போன எடத்துல மட்டி ஓடு பாதத்தக் கிழிச்சிருக்கு. அவசரமா வந்ததுல ஒரு சொம்பு கூட இல்ல அவங்ககிட்ட. எல்லாத்தையும் குடுத்தேன். என் கையப் புடிச்சுகினு நீ நல்லா இருப்பேன்னு சொல்லிச்சு அந்தம்மா.

நான் நல்லா இருப்பேனாம்.

ராத்திரிக்கு ஒண்ணும் ஆக்கல. பிரெட்டு இருந்தது.


நவம்பர் 5. புதன்.

தூறல். எறா ஷெட்டுக்குப் போனேன். ரொம்ப நாளுக்கு அப்புறம்.

யாரும் எதுவும் கேக்கல. அதுவும் ஒரு மாதிரி இருந்தது. ஐஸ் நிறைய. எறா கொம்பு குத்தி எடது கட்டவிரல்ல ரத்தம். முன்னல்லாம் வாயில வச்சு சப்பிட்டு வேலையப் பாப்பேன். இன்னிக்கு குழாய்ல கழுவி கழுவி நின்னேன். சூப்பர்வைசர், அம்மா கல்யாணத்துக்கு மருதாணி வச்சுகினு நிக்கிறாங்கன்னு கிண்டல் பண்ணான். உன் விஷயம் அவனுக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தவ அவன் காதுல என்னமோ சொன்னதும் போய்ட்டான்.

லேபு போன பத்தி ஷகிராகிட்ட மட்டும் சொன்னேன். சாப்புடறப்ப. அவ புளி சாதத்தையும் என் தயிர் சாதத்தையும் மாத்திக்கிட்டோம், எப்பவும் போல. உயிரோட வச்சிருக்காங்களாம்டின்னேன். அவ மெல்றத நிறுத்திட்டா.

"செத்தது உன் தங்கச்சி. அவள சாவடிச்சது ஜாலியா கீது. அது மூஞ்சிய ஒரு தபா பாக்க வாணாமா?"

இவளுக்கு எதுக்கெடுத்தாலும் சண்டதான். புருஷன அடிச்சவன் வூட்டுக்கே போய் சோறு கேட்டவ. இல்லன்னா நீ இங்க குந்திகினு ஒவ்வொரு எறாவையும் அதுன்னு நெனச்சு பிச்சுகினு இருப்பேன்னா.

உண்மைதான். காலையில அப்படித்தான் பிச்சுகினு இருந்தேன்.

சாயங்காலம் நானே அந்த நம்பருக்கு அடிச்சேன். நாளைக்கு வரேன்னேன்.

மாடி வூட்டுக்காரி வந்து சுவத்துத் தண்ணி அவங்க வூட்டுது இல்லன்னு சொல்லிட்டுப் போனா. வானத்துலேர்ந்து வருது போல.


நவம்பர் 6. வியாழன்.

மழை விட்டு வெயில். புழுக்கம்.

போனேன். முன் கேட்டு வழியா போகல. சந்து வழி மார்ச்சுவரிய தாண்டணும், அதுவும் வாணாம். கேண்டீன் பக்கமா சுத்திப் போனேன். மூணாவது மாடி. லிஃப்ட்ல சாமான் மட்டும் ஏத்தணும்னு எழுதியிருந்தது. படி. முட்டி வலி.

செருப்ப வெளிய விடச் சொல்லி வேற செருப்பு குடுத்தாங்க, பெருசு. கோட்டு ஒண்ணு. கைக்கு ஒறை. ஏசி. எறா ஷெட்டுக் குளிரு, ஆனா நாத்தம் இல்ல.

நிவேதா பொண்ணு இளைச்சுப் போச்சு. உன்ன மாதிரியே நகம் கடிக்குது. முதல்ல உன் பேரச் சொல்லி வருத்தம் சொல்லிச்சு. வெறும் நம்பர்னு நெனச்சிருந்தேன், பேர் ஞாபகம் வச்சிருக்கு.

மைக்ராஸ்கோப்புன்னா கண்ண வச்சுப் பாக்கறதுன்னு நெனச்சேன். இது டிவி மாதிரி. அது சொன்னத எழுதி வைக்கிறேன், மறந்துடும்:

முன்னல்லாம் கிருமிக்கு சாயம் ஏத்திதான் பாப்பாங்க. அப்படிப் பண்ணா அது செத்துப் போகும். செத்ததோட படத்தப் பாத்து பேர் சொல்லலாம், என்ன பண்ணும்னு பாக்க முடியாது. இந்த மெசின்ல சாயம் கிடையாது, மருந்து கிடையாது, வெளிச்சம் மட்டும். அதுங்க உடம்பு கண்ணாடி மாதிரியாம். அதுக்குள்ள பூந்து வர்ற வெளிச்சம் துளியூண்டு லேட்டா வருதாம். அந்த லேட்ட வச்சு நிழலா காட்டுதாம். வெளிச்சம் எப்படி லேட்டா வரும்னு புரியல. தலையாட்டினேன்.

திரையில சாம்பல் கலர். அதுல சின்னச் சின்னதா, சீரகம் கொட்டின மாதிரி. சிலது சும்மா கிடக்குது. சிலது விர்ருனு ஓடுது, நிக்குது, திரும்புது. ஒண்ணக் காட்டி, இதப் பாருங்கக்கான்னுது. அது நீளமாச்சு. நடுவுல இடுப்பு விழுந்தது. ரெண்டாச்சு. நிஜத்துல மெதுவாதான் ஆகுமாம், நமக்காக வேகமா ஓட்டிக் காட்டிச்சு.

புஜ்ஜி, நான் பல்லு, கொம்பு, எதுனா இருக்கும்னு நெனச்சுகினு போனேன். ஒண்ணும் இல்ல. திட்டலாம்னா மூஞ்சி இல்ல அதுக்கு.

எல்லாத்தையும் கொன்னுடுங்கன்னு சொன்னேன். அது வேற ஒரு படத்தப் போட்டுச்சு. அதே கிருமி, மேல மருந்து ஓடுது. ஒண்ணும் ஆகல. ரெண்டு ரெண்டா ஆயிகினே இருக்குது. அது எந்த மருந்துன்னு கேட்டேன். உங்க தங்கச்சிக்கு முதல்ல ஏத்தினதுதான்க்கா.

உன் கையில ஊசி குத்த எடம் கிடைக்காம, நீ அலறி, நான் பொறுத்துக்கோ பொறுத்துக்கோன்னு காலப் புடிச்சுகினு இருந்தேனே, அந்த மருந்து. அதுலயே நீந்திகினு இருந்திருக்குதுங்க.

அடுத்த படத்துல வேற மருந்து. அதுல ஊதிப் போய் வெடிச்சுது. ஊதறது, வெடிக்கறது, ஒண்ணொண்ணா. அந்த மருந்துக்கு உனக்கு மாத்தறதுக்குள்ள கிருமி ரத்தத்துல கலந்துடுச்சாம். லேபுத் தட்டுல வளந்து ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் மாத்த முடியல. இந்த மெசின்ல பாத்தா மருந்து கேக்குதா இல்லயான்னு சீக்கிரம் தெரிஞ்சிடும், அதுக்குத்தான் ஆராய்ச்சி. உன்னுதப் பாத்த நேரத்துல இது இன்னும் சரியா ஓடல. அத சொல்றப்ப அது என்னப் பாக்கல.

எல்லாம் இந்த மாதிரிதான். லேட்டு.

கடைசியா ஒண்ணு சொல்லிச்சு. அதே வார்டுல இன்னும் சில பேருக்கு இதே கிருமி வந்திருக்கு. எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. குழாய், கட்டில், டிராலி, டாக்டர் கை, நர்ஸ் கை எல்லாம் தொடச்சு எடுத்துப் பாத்தாச்சாம். ஒளியற எடம் சிக்கல. எங்கதான் இருக்கும் இதுன்னு கேட்டேன்.

"ஈரம் இருந்தா போதும்க்கா. சாப்பாடு கூட வாணாம் அதுக்கு."

வச்சுக்கறதா அழிக்கறதான்னு பதில் சொல்லல. அப்புறம் சொல்றேன்னு வந்துட்டேன்.

பஸ்ல எடம் கெடச்சது. வழியெல்லாம் டிரெய்லர் லாரி வரிசை. உன்ன இடிச்ச மாதிரி நீளமானது, பக்கத்துல பக்கத்துல. கண்ண மூடிக்கிட்டேன். ஈரம், ஈரம்னு அது சொன்னதே ஓடிச்சு. குழாயப் பாத்தாங்க. கட்டிலப் பாத்தாங்க.

பக்கெட்டப் பாக்கலயே.

பாத்திருக்க முடியாது. உனக்குத் தெரியும்ல. வெள்ளக்கோட்டு வருதுன்னு ஆயாம்மா வாசல்லேர்ந்து இருமினா, வார்டுல ஒரு பக்கெட்டு இருக்காது. சாமான் வச்சிருந்தா தூக்கி எறிவாங்கன்னு எல்லாரும் பின்பக்கப் படிக்கட்டுல ஒடஞ்ச ஸ்ட்ரெச்சருக்கு அடியில தள்ளிடுவோம். அவங்க போனப்புறம் திரும்ப. பஞ்சு வச்சு தொடச்சு எடுக்க வந்தவங்களும் வெள்ளக்கோட்டுதானே. அவங்க வந்தப்ப நீயும் நானும் சேந்துதான் பக்கெட்டத் தள்ளினோம்.

அந்த ஸ்பாஞ்சு காஞ்சு நான் பாத்ததே இல்ல.

இப்ப அது மல்லிகா பெட்டுக்கு அடியில.


நவம்பர் 7. வெள்ளி.

மேகமூட்டம். போகல.

உடம்பு சரியில்லன்னு ஷகிராகிட்ட சொன்னேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கால் எழும்பல. நிவேதாவுக்கு அடிச்சேன், எடுக்கல. திரும்ப அடிச்சப்ப நானே கட் பண்ணிட்டேன். அதுகிட்ட சொன்னா அது மேல சொல்லும், மேல இருக்கறவங்க வாட்ச்மேன அனுப்பி வார்டு முழுக்க இருக்கற பக்கெட்ட வாரி வெளிய போடுவாங்க. பொம்பளைங்க எதுல மொள்ளுவாங்க, எதுல கழுவுவாங்க. கன்னியம்மாவுக்கு யாரோ ஒருத்தர் வந்து சொல்லணும், உன் பக்கெட்டுலதான் இருக்குன்னு. அந்தப் பக்கெட்ட குடுத்தது யாருன்னு அதுக்குத் தெரியும். கையப் புடிச்சுகினு வாழ்த்தின கை.

இன்னொண்ணும் இருக்கு. நான் போய்ச் சொன்னா உன் சாவும் பக்கெட்டும் ஒண்ணா பேசப்படும். இத்தன நாள் உன்னக் கொன்னது டிரெய்லர்காரன்னு சொன்னேன். ஆஸ்பத்திரின்னு சொன்னேன். ஒரு ஸ்பாஞ்சுன்னு எப்படி சொல்றது. அதால தெனம் உன்ன தொடச்சது யாரு.

உன் கால் சீழ் பச்சையா இருந்ததே. அழுகின பழ வாசன. அப்ப எனக்கு என்ன தெரியும்.

கேஸ் வந்தது. தூக்கி வைக்க ஆள் இல்ல, வாசல்லயே இருக்கு.

ஒருவேள அந்த ஸ்பாஞ்ச தூக்கிப் போட்டிருப்பாங்க. ஒருவேள மல்லிகா டிஸ்சார்ஜ் ஆகி வூட்டுக்குப் போயிருப்பா. ஒருவேள ஒருவேளன்னே பொழுது போச்சு.

நாளைக்குப் போறேன். இத எழுதி வச்சா போயே ஆகணும்.


நவம்பர் 8. சனி.

திரும்ப மழை. நல்ல மழை.

முன் கேட்டு வழியாவே போனேன். வாட்ச்மேனுக்கு என்னய அடையாளம் தெரிஞ்சுது, பாஸ் கேக்கல. வார்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன், உள்ள கால் வைக்க முடியல. அதே பினாயில். அதே ஃபேன் சத்தம், கட கட கட. உன் பெட்டுல மல்லிகா ஒருக்களிச்சு படுத்திருந்தா. ஒரு நொடி நீன்னே தோணிச்சு.

கன்னியம்மா தூரத்துலயே பாத்துடுச்சு.

"இன்னாமே, இப்டி எலும்பா போய்ட்ட. வா, குந்து. துன்றியா இல்லியா?"

ஸ்டூல எனக்குப் போட்டுட்டு அது தரையில உக்காந்துச்சு. பிளாஸ்க்லேர்ந்து டீ. மல்லிகா தூங்கல, கண்ண மூடிகினு இருந்தா. நெத்தியில ஈரத்துணி. காய்ச்சல் ரெண்டு நாளா விடலயாம். பாதத்துக் கட்டு நான் கேக்காமயே தெரிஞ்சுது. ஓரத்துல பச்ச.

வாசன. எழுதல.

நான் எதுவும் சொல்றதுக்குள்ள கன்னியம்மாவே ஆரம்பிச்சிடுச்சு. உன் பக்கெட்டு ரொம்ப ராசியான பக்கெட்டு, கைப்புடி அறுந்துடுச்சு, மீன் வலக் கயிறு போட்டு கட்டிக்கீறேன் பாரு, வார்டே கடன் கேக்குது, ஏழாம் பெட்டுக்குக் கூட காலையில குடுத்தேன்னுச்சு. கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்துக் காட்டிச்சு. நீல பக்கெட்டு, பச்சக் கயிறு. உள்ள கொஞ்சம் தண்ணி. ஸ்பாஞ்சு மெதக்குது.

ஏழாம் பெட்டுன்னு கேட்டதும் வாய் தொறந்துடுச்சு.

எல்லாத்தையும் சொன்னேன். லேபு, திரை, ஈரம், நாம ஒளிச்சு வச்சது. கோர்வையா வரல. எது முன்ன எது பின்னன்னு இல்லாம சொன்னேன். பக்கத்து பெட்டுக்காரி பேச்ச நிறுத்திட்டு கேக்க ஆரம்பிச்சா. கன்னியம்மா டீ கிளாஸ கீழ வச்சுது.

"உன் தங்கச்சிய துன்னத எம் மருமவளுக்கு குட்த்துட்டுப் போனியா நீ?"

தெரியாமதான் குடுத்தேன்னு சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குத் தெரியாதா என்ன.

மல்லிகா கண்ணத் தொறக்காமலே சொன்னா. "அத்த, வுடு. வந்து சொல்லுதுல்ல."

"நீ சும்மா கெட. வந்து சொல்லுதாம். எட்டி ஒதைக்கணும்போல கீது."

ஒதைக்கல. அப்புறம் எழுந்து பக்கெட்டத் தூக்கிச்சு. பாத்ரூம்ல கொட்டப் போவுதுன்னு நெனச்சு நான் குறுக்க போய் நின்னேன். கொட்டாத, அப்படியே லேபுக்குக் கொண்டு போகணும், அவங்க தேடுறது இதத்தான்னேன். நான் தூக்கிகினு வரேன்னு கைய நீட்டினா, தொடாதன்னுச்சு. நீ தொட்டதெல்லாம் போதும்.

மல்லிகாவப் பாத்துக்க பக்கத்து பெட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவர பக்கெட்டு மேல போட்டு மூடி, ரெண்டு கையாலயும் புடிச்சுகினு நடந்துச்சு. நான் பின்னாடி. வாசல்ல ஆயாம்மா, பக்கெட்ட எங்க தூக்கினு போறன்னு மறிச்சுது.

"மாப்ள பாக்க கூட்டினு போறேன். வழிய வுடு."

மழையில முற்றத்த தாண்டறப்ப அது நனைஞ்சுது, பக்கெட்ட நனைய விடல. படியில மூணு எடத்துல மூச்சு வாங்கிச்சு. அப்பவும் என்கிட்ட குடுக்கல.

நிவேதா பொண்ணு இருந்துச்சு, நல்ல வேள. சனிக்கிழம அரை நாள்தானாம். எங்க ரெண்டு பேரையும் பக்கெட்டையும் பாத்து முதல்ல ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் ஒறைய மாட்டிகிட்டு ஸ்பாஞ்ச ஒரு இடுக்கியால தூக்கி, ஒரு சொட்டு பிழிஞ்சு கண்ணாடியில விட்டுச்சு. சாயம் இல்லாததால காத்திருக்க வேண்டியதில்ல. வச்ச ஒடனே திரையில வந்துடுச்சு.

விர்ருனு ஓடுது, நிக்குது, திரும்புது.

கன்னியம்மா கிட்டப் போய் உத்துப் பாத்துது. ரொம்ப நேரம்.

"இவ்ளோதானா. சென்னாகூனிப் பொடி எறா கூட இத்த வுட பெருசா கீது."

நிவேதா, இப்பவே அதுதான்னு சொல்ல முடியாது, தண்ணியில ஓடறதெல்லாம் அதுவா இருக்காதுன்னுது. வளத்து ஒத்துப் பாக்கணும். ஆனா மல்லிகா கால் சீழ இப்பவே எடுத்து நாலஞ்சு மருந்துல விட்டு உயிரோடவே பாக்கறேன், எந்த மருந்துல சாவுதுன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியும், பெரிய டாக்டர்கிட்ட நானே போய் பேசறேன்னுச்சு. கீழ ஓடிச்சு. ஏழாம் பெட்டுக்காரங்களையும் பாக்கணும்னு ஓடறப்பவே சொல்லிகினு போச்சு. அரை நாளுன்னு சொன்னது போகவே இல்ல.

நானும் கன்னியம்மாவும் படியில. அது ஒரு படி மேல, நான் ஒரு படி கீழ. எறா தடவற பொம்பளைங்க கால்ல என்னிக்கும் ஒரு வெட்டு இருக்கும், எதுவும் ஆனதில்லன்னு அதுவா ஒரு தடவ சொல்லிச்சு. எனக்கா சுவத்துக்கான்னு தெரியல. அப்புறம் மடியிலேர்ந்து ஒரு பன்ன எடுத்து, பிச்சு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிகினே பாதிய நீட்டிச்சு. வாங்கிக்கிட்டேன்.

இருட்டறதுக்கு முன்ன நிவேதா வந்து சொல்லிச்சு. இப்ப ஏத்தற மருந்துல அதுங்க சாவல. இன்னொண்ணுல வெடிக்குது. பெரிய டாக்டர் வந்து திரைய நேர்ல பாத்துட்டு, ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க வாணாம், மாத்துங்கன்னுட்டாராம்.

கன்னியம்மா எழுந்து கீழ போச்சு. என்னப் பாக்கல. ரெண்டு படி எறங்கி நின்னு, மழைய பாத்து போமேன்னுச்சு.

வூட்டுக்கு வந்து அப்படியே படுத்தேன். உனக்கும் இந்த மருந்துதான் கேட்டிருக்கும்.


நவம்பர் 9. ஞாயிறு.

வெயில். துணியெல்லாம் போட்டேன்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச தூக்கிப் போட்டேன். அப்புறம் மிதியடி. அப்புறம் பாத்ரூம் பக்கெட்டுல தண்ணியக் கொட்டி வெயில்ல கவுத்தேன். அப்புறம் இப்படியே போனா வூட்டையே கவுக்கணும்னு உக்காந்துட்டேன்.

கீழ் வூட்டுல வஞ்சிரம் வறுக்கிறாங்க. ஒரு துண்டு குடுத்து விட்டாங்க. சாப்பிட்டேன். ருசி தெரிஞ்சுது. அதுக்கே கொஞ்சம் அழுகை.

போன் வரல. நானும் பண்ணல.


நவம்பர் 10. திங்கள்.

காலையில தூறல், அப்புறம் ஒண்ணும் இல்ல.

ஷெட்டுல இருக்கறப்ப நிவேதா போன். கையில எறா, ஷகிரா போன என் காதுல புடிச்சுகினு நின்னா. ஸ்பீக்கர் போடறேன்மே, நானும் கேக்கறேன்னா.

மல்லிகாவுக்கு காய்ச்சல் இறங்குது. கால் இன்னும் தப்பிச்சுதுன்னு சொல்ல முடியாது, பாக்கணும். ஆனா இறங்குது. ஏழாம் பெட்டுக்காரங்களுக்கு சீழ் இல்ல, கவனிச்சுகினு இருக்காங்க.

ஸ்பாஞ்சுல இருந்தது அதுதான். உன்னுதும் மல்லிகாவுதும் அதுவும் ஒண்ணு.

வார்டுல எல்லா பக்கெட்டையும் வாரிட்டாங்க. நான் பயந்த மாதிரியேதான். பொம்பளைங்க சத்தம் போட்டிருக்காங்க. கன்னியம்மா கண்காணிப்பாளர் ரூம் வாசல்லயே குந்திடுச்சாம், பக்கெட்ட எடுத்துகினியே, எம் மருமவ சூத்த உன் டையில தொடைக்கவான்னு கேட்டுச்சாம். ஷகிரா சிரிச்சதுல போன் எறாவுல விழப் பாத்துது. இப்ப ஒவ்வொரு பெட்டுக்கும் புதுசா ஒண்ணு, வூட்டுக்குப் போறப்ப அவங்களே எடுத்துகினு போகணும்னு சொல்லி குடுத்திருக்காங்க. யாரும் எடுத்துகினு போகமாட்டாங்க. நிவேதாகிட்ட சொன்னேன். அப்ப ஒடச்சுடச் சொல்றேன்க்கான்னுது.

உன் கிருமிய வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன். எதிர்பாக்கல போல. அடுத்து எந்த மருந்துல சாவுதுன்னு பாக்கணும்ல, உயிரோட இருந்தாதானே பாக்க முடியும். அவ்ளோதான். மன்னிப்பெல்லாம் இல்ல அதுக்கு.

அப்புறம் அது ஒண்ணு கேட்டுச்சு. அக்கா, அந்த பக்கெட்டு உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

நான் கடையில வாங்கலன்னு சொன்னேன். யாரோ போறவங்க குடுத்ததுதான். யாருன்னு கேட்டுச்சு. பெட்டுல யார் யார் இருந்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல இருக்காம், ஆனா பக்கெட்டு எந்த பெட்டுலேர்ந்து எந்த பெட்டுக்குப் போச்சுன்னு எதுலயும் இல்ல. நமக்கு முன்ன வச்சிருந்தவங்க ஆறாத புண்ணோடயே வூட்டுக்குப் போயிருக்கலாம். இப்ப எங்கயோ படுத்துகினு, இது சாதா காய்ச்சல்னு கஞ்சி குடிச்சுகினு இருக்கலாம். சீக்கிரம் புடிக்கணும்க்கா, பேர் தெரியலன்னா கூட பரவால்ல, ஊர் சொன்னா போதும், வயசு சொன்னா போதும்னுது.

எனக்கு எது தெரியும். பக்கெட்டு வந்த அன்னிக்கு நான் இட்லி வாங்க கீழ போயிருந்தேன். மேல வரப்ப பக்கெட்டு கட்டிலுக்கு அடியில இருந்தது. நீ தல சீவிகினு இருந்த. யாரு குடுத்தான்னு நான் கேக்கல. நமக்கும் ஒரு பக்கெட்டு கெடச்சுதேன்னுதான் இருந்தது எனக்கு.

யோசிச்சு சொல்லுங்கக்கா, சாயங்காலம் கூப்பிடறேன்னுச்சு. இப்ப அது கூப்பிடற நேரம்தான்.

புஜ்ஜி, உன்கிட்ட அத குடுத்தது யாரு?